அணு உலையில் நடப்பதை ஊருக்குச் சொல்!

(கிராமசபைத் தீர்மானப் பிரச்சாரக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



நோட்டீஸ் கொடுக்கப் போன ஊரிலெல்லாம் ஒரு கேள்வி கேட்டாங்க. "உர விலை, நெல் விலை, பால் பணம் பத்திப் பேசுற சங்கம், அணு உலையைப் பத்திப் பேச எதுக்கு வந்தீங்க?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அணு உலை வேண்டும் என்கிறவர்களும் நம்ம சங்கத்தில் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். இன்று நாம் கேட்பது இரண்டு பேருக்கும் பொதுவான கோரிக்கை. உள்ளே ஏதாவது நடந்தால் வெளியே இருக்கிற நமக்குச் சொல். நேரத்தோடு சொல். நமக்குப் புரிகிற தமிழில் சொல். இவ்வளவுதான்.

பாலில்தான் முதலில் தெரியும்

அணு உலையில் கசிவு ஏற்பட்டால் வெளியே வருகிற பொருள்களில் ஒன்று கதிர்வீச்சு அயோடின். அது காற்றில் போய்ப் புல்லில் படியும். அந்தப் புல்லை மாடு மேயும். மாடு தின்றது பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குழந்தை குடித்தால் கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். இந்த அயோடினின் வேகம் 8 நாளில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. அந்த வாரங்களில் மாட்டைக் கொட்டகையில் கட்டி, மூடி வைத்த பழைய வைக்கோலைப் போட்டு, பாலைக் குழந்தைக்குக் கொடுக்காமல் இருந்தாலே பெரும் ஆபத்தைத் தடுத்துவிடலாம். ஆனால் அதற்கு அன்றைக்கே சேதி தெரிய வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தெரிந்து பிரயோசனம் என்ன? இந்த விஷயத்தில் தாமதமாக வந்த சேதியும் வராத சேதியும் ஒன்றுதான்.

இது கற்பனை இல்லை. 1957 அக்டோபரில் வட இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் என்ற இடத்தில் அணு உலை தீப்பிடித்தது. சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பால் விற்கத் தடை போட்டார்கள். வாரக்கணக்கில் கறந்த பாலைக் கொட்டினார்கள். பால் தடையாவது சில நாளில் வந்துவிட்டது. என்ன நடந்தது, யார் தவறு என்று விசாரித்த அறிக்கையின் முழு வடிவம் 1988இல்தான் வெளியே வந்தது. 30 வருஷம்! அன்றைக்குப் பாலைக் கொட்டின விவசாயியில் எத்தனை பேர் அதைப் படிக்க உயிரோடு இருந்திருப்பார்கள்?

1986 ஏப்ரல் 26 அன்று சோவியத் நாட்டில் செர்னோபில் உலை வெடித்தது. அரசாங்கம் வாய் திறந்தது 28ஆம் தேதி ராத்திரி. அதுவும் நாலு வரி. மே 1 அன்று கீவ் நகரத்தில் குழந்தைகளை வைத்து மே தின ஊர்வலம் நடத்தினார்கள். பின்னாளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. அதற்குப் பெரிய காரணம் அவர்கள் குடித்த பால் என்று ஐ.நா. விஞ்ஞானிகளே எழுதி வைத்திருக்கிறார்கள்.

2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமா. அங்கேயும் நம்மைப்போல நெல் விவசாயிகள்தான். அறுவடை முடிந்து வயலில் கிடந்த வைக்கோல் மேல் கதிர்வீச்சுப் படிந்தது. வெளியில் கிடந்த தீவனத்தைப் போடாதே என்று மாடு வளர்ப்பவர்களுக்குச் சுற்றறிக்கை போனது. வைக்கோல் விற்கிற நெல் விவசாயிக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர் விற்றார், மாடு தின்றது, ஜூலை மாதத்தில் மாட்டிறைச்சியில் கண்டுபிடித்தார்கள். அந்த மாவட்டத்து மாடே வெளியே போகக்கூடாது என்று தடை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புகை எங்கே போகும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் முறை ஜப்பான் அரசிடம் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கை ஜனங்களுக்கு உடனே கொடுக்கவில்லை. நமியே என்ற ஊர்க்காரர்கள் தப்பிப்பதாக நினைத்துக்கொண்டு கதிர்வீச்சு போன திசையிலேயே போய்த் தங்கினார்கள்.

இப்போது சொல்லுங்கள், இது விவசாயிப் பிரச்சினையா இல்லையா?

தராசும் அவங்க, கணக்கும் அவங்க

நம் நாட்டில் அணு உலைகளின் பாதுகாப்பைக் கண்காணிப்பது யார்? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983 நவம்பர் 15 அன்று அமைத்தார்கள். நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அமைத்ததல்ல. 1962ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஒரு அரசு உத்தரவால் அமைத்தது.

இந்த வாரியம் யாரிடம் பதில் சொல்லும் என்று வைத்தார்கள்? அணுசக்தி ஆணையத்திடம். அந்த ஆணையத்தின் தலைவர் யார்? அணுசக்தித் துறையின் செயலாளர். அணு உலை கட்டுவது யார்? அதே அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிற இந்திய அணுமின் கழகம். ஆக, உலை நடத்துகிறவருக்கும் உலையைச் சோதிக்கிறவருக்கும் மேலே உட்கார்ந்திருப்பவர் ஒரே ஆள்.

நெல் கொள்முதல் நிலையத்தில் தராசு, ஈரப்பதம் பார்க்கிற மெஷின், கணக்குப் புத்தகம் எல்லாம் ஒரே ஆள் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆள் நல்லவராகவே இருக்கலாம். வாரியத்தில் திறமையான விஞ்ஞானிகள் இருந்தார்கள், இருக்கிறார்கள். மின் உலைகளில் நடக்கும் முக்கியமான கோளாறுகளை வாரியத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்ற விதியும் உண்டு. சர்வதேச அளவுகோலில் 0 முதல் 7 வரை படி போட்டு வருடாந்தர அறிக்கையில் வாரியம் வெளியிடுகிறது. அதையெல்லாம் நாம் மறைக்கவில்லை. ஆனால் வருஷம் முடிந்து, ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிற புத்தகம் மாட்டுக்குப் புல் அறுக்கிற நமக்கு எந்த விதத்தில் எச்சரிக்கை? ஆளை நம்பாதே, முறையை நம்பு என்பது சங்கம் நடத்துகிற நமக்குத் தெரிந்த பாடம். இங்கே முறையே கோணலாக இருந்தது.

கல்பாக்கம், 2003 ஜனவரி 21

இந்தக் கோணல் என்ன செய்தது என்பதற்கு வடக்கே போக வேண்டாம். நம்ம கல்பாக்கத்திலேயே இருக்கிறது.

2000ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகளை ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து எடுத்துவிட்டது. இனிமேல் அந்த மையமே தனக்குள் ஒரு பாதுகாப்புக் குழு வைத்துப் பார்த்துக்கொள்ளும் என்றது. அதாவது காவலுக்கு இருந்த ஆளையும் அனுப்பியாகிவிட்டது. கல்பாக்கத்தில் எரிந்த யுரேனியத்தைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை அந்த மையத்துக்குச் சொந்தமானது.

மூன்றாவது வருஷம். 2003 ஜனவரி 21. கழிவுத் தொட்டிப் பகுதியில் குறைந்த கதிர்வீச்சுள்ள கழிவு என்று நினைத்து ஒரு மாதிரியை எடுத்தார்கள். இடையில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. அதன் வழியாக அதிகக் கதிர்வீச்சுள்ள கழிவு கலந்து வந்துவிட்டது. அது யாருக்கும் தெரியாது. ஏன் தெரியாது? ஆலை ஓட ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆகியும் அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் கருவி வைக்கவில்லை. வால்வு கெட்டால் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடும் வைக்கவில்லை. மாதிரியைக் கொண்டுபோய்ச் சோதித்த பிறகுதான் விஷயமே புரிந்தது. அதற்குள் 6 தொழிலாளர்கள் உடம்பில் கதிர்வீச்சு ஏறிவிட்டது. ஒரு தொழிலாளி ஒரு வருஷத்தில் வாங்கக்கூடிய உச்ச அளவு 30 மில்லிசீவர்ட். இவர்கள் ஒரே நாளில் வாங்கியது 280 முதல் 420 வரை. ஒன்பது மடங்கிலிருந்து பதினான்கு மடங்கு!

இதற்கப்புறம் நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். மூன்றே நாளில், ஜனவரி 24 அன்று, அங்கே வேலை செய்கிறவர்களின் சங்கம் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தது. பத்துக் கோரிக்கை. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி போடு என்பது அதில் ஒன்று. சம்பளம் கேட்கவில்லை, போனஸ் கேட்கவில்லை, பாதுகாப்பு அதிகாரி கேட்டார்கள். அதற்கு முந்தின இரண்டு வருஷத்திலும் இதுபோல நடந்திருக்கிறது என்றும் எழுதினார்கள். சரியான பதில் வராமல், சில மாதம் கழித்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிர்வாகம் என்ன செய்தது? சங்கத்தின் முக்கியமான ஆட்களை இடமாற்றம் செய்தது. மற்றவர்களை மிரட்டியது.

பிறகு விஷயம் பத்திரிகைக்குப் போனது. விபத்து நடந்து ஆறு மாதம் கழிந்து, நிர்வாகம் வாய் திறந்தது. மையத்தின் இயக்குநரே, இந்திய அணுத் துறை வரலாற்றில் கதிர்வீச்சுத் தாக்கத்தில் இதுதான் மிக மோசமான விபத்து என்று ஒப்புக்கொண்டார். அதே மூச்சில், தொழிலாளர்களின் அதீத ஆர்வமும் தவறும்தான் காரணம் என்றும் சொல்லப்பட்டது. கருவி வைக்காதவர் மேல் தப்பில்லை, கருவி இல்லாத இடத்தில் வேலை செய்தவர் மேல்தான் தப்பு!

கல்பாக்கத்தைச் சுற்றி ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறோம். மணிலா போடுகிறோம், தர்பூசணி போடுகிறோம், கடலோரத்தில் சவுக்கு வைக்கிறோம். நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஒப்பந்த வேலைக்கு உள்ளே போய் வருகிறார்கள். அந்த ஆறு மாதமும் நாம் ஏதும் தெரியாமல்தான் உழுதுகொண்டிருந்தோம். இந்த விபத்தில் கதிர்வீச்சு வெளியே வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சரி, அதையாவது நமக்கு யார் வந்து சொன்னார்கள்? ஒரு தொழிற்சங்கம் வாய் திறந்ததால்தான் நாட்டுக்கே தெரிந்தது. சட்டமும் வாரியமும் செய்ய வேண்டிய வேலையை, இடமாற்றத்துக்குப் பயப்படாத சில தொழிலாளர்கள் செய்தார்கள். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறோம்.

பீரோவில் தூங்கிய எச்சரிக்கை

1993 மார்ச் 31. உத்தரப் பிரதேசத்தில் நரோரா அணுமின் நிலையம். டர்பைனில் இரண்டு தகடுகள் உடைந்து தெறித்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. கேபிள்களைத் தனித்தனியாகப் பிரித்து, தீப்பிடிக்காத பாதுகாப்போடு போட்டிருக்க வேண்டும். அப்படிப் போடவில்லை. எல்லாம் சேர்ந்து எரிந்தது. 17 மணி நேரம் நிலையம் முழுக்க மின்சாரம் இல்லை. ஊழியர்கள் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு உலைக் கட்டிடத்தின் மேலே ஏறி, கையால் வால்வைத் திறந்து போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். உலை திரும்ப உயிர்பெறாமல் தடுத்தது அந்தத் தைரியம்தான்.

ஆனால் இந்தத் தகடு உடையும் என்று முன்னாடியே தெரியும்! 1989இலேயே, இந்த மாதிரி டர்பைனில் விரிசல் வருகிறது என்று அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி நம்ம பெல் நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டது. பெல் நிறுவனம் மாற்று வரைபடம் போட்டு அணுமின் கழகத்துக்குக் கொடுத்தது. வரைபடம் வந்தது, தகடு மாறவில்லை. நாலு வருஷம். தீப்பிடித்த பிறகு மாற்றினார்கள். எச்சரிக்கை பீரோவுக்குள் இருந்தால் அது எச்சரிக்கையே இல்லை. அது வெளியே தெரிந்திருந்தால் பத்திரிகை கேட்டிருக்கும், எம்.பி. கேட்டிருப்பார், தகடு மாறியிருக்கும். அதற்குத்தான் சொல்கிறோம், வெளிப்படையாகச் சொல்வதே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

134 குறையும் 500 ரூபாயும்

நரோராவுக்குப் பிறகு வாரியத்தின் தலைவராக இருந்தவர் ஏ. கோபாலகிருஷ்ணன். 1995இல் அவர் தலைமையில் வாரியம் நாட்டின் அணு ஆலைகளையெல்லாம் பார்த்து 134 பாதுகாப்புக் குறைகளைப் பட்டியல் போட்டு அரசுக்குக் கொடுத்தது. அந்த அறிக்கையை ஜனங்களுக்குக் காட்டினார்களா? இல்லை. அவர் பதவி 1996இல் முடிந்தது, நீட்டிப்புக் கிடைக்கவில்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகமும் பம்பாய் சர்வோதய மண்டலும் கோர்ட்டுக்குப் போய் அறிக்கையைக் கேட்டார்கள். 1962 சட்டத்தின் 18ஆம் பிரிவு ரகசியம் என்று சொல்கிறது, கொடுக்க முடியாது என்றது அரசு. பம்பாய் உயர்நீதிமன்றம் 1997இல் அரசு பக்கம் நின்றது. 2004இல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கண்காணிக்கிற வாரியமே எழுதின குறைப் பட்டியலை, குறையோடு பக்கத்தில் குடியிருக்கிறவன் பார்க்கக்கூடாது!

2012இல் மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், சி.ஏ.ஜி. என்கிறோமே, அவர் இந்த வாரியத்தைப் பற்றி ஒரு அறிக்கை வைத்தார். சங்கம் எழுதினது இல்லை, அரசியல் சட்டப்படி அமைந்த பதவி. அன்றைக்கு விதி போடும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை. 1983 உத்தரவிலேயே சொன்ன கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கொள்கையை அதுவரை எழுதவில்லை. நாட்டில் இருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் வாரியத்தில் பதிவு செய்தது 5,270 மட்டும். விதியை மீறினால் அன்று போடக்கூடிய அபராதம் உச்சபட்சம் 500 ரூபாய். ஐந்நூறு! இன்றைக்கு ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் போய்ப் பிடிபட்டால் 1,000 ரூபாய்.

இதில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2010இல் டில்லி மாயாபுரி காயலான் கடையில் ஆனது. பல்கலைக்கழகத்தில் பல வருஷமாகச் சும்மா கிடந்த ஒரு பழைய கருவியை ஏலத்தில் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. இரும்புக் கடைக்காரர்கள் பிரித்தார்கள். பலர் கதிர்வீச்சில் அடிபட்டார்கள், ஒருவர் செத்தார். கண்காணிப்புக்குக் கணக்கு இல்லையென்றால் சாவது காயலான் கடைத் தொழிலாளிதான்.

மறுப்பு ஒரு நாள், ஒப்புதல் மறுநாள்

பழைய கதையைப் பேசுகிறீர்கள், இப்போதெல்லாம் அப்படி இல்லை என்பார்கள். சரி, கூடங்குளத்துக்கு வருவோம். 2019 செப்டம்பர் 4 அன்றே, நிலையத்தின் நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்திருக்கிறது என்று அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே கசிந்தது. 29ஆம் தேதி கூடங்குளத்திலிருந்து அறிக்கை வருகிறது, பொய்த் தகவல் பரப்புகிறார்கள், உலைக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து வழியே கிடையாது என்று. மறுநாள் 30ஆம் தேதி அணுமின் கழகம், ஆமாம், வைரஸ் இருந்தது உண்மைதான், ஆனால் அது நிர்வாகக் கம்ப்யூட்டர், உலைக்குச் சம்பந்தம் இல்லை என்கிறது.

உலைக்குச் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். இரண்டாவது நாள் சொன்னது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதல் நாள் அப்படிச் சொன்னவர்களை அடுத்த முறை எப்படி நம்புவது? நாளைக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லாதபோது ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் ஊர் நம்பாது. நம்பிக்கையைக் கெடுப்பது வதந்தி பரப்புகிறவன் மட்டும் இல்லை.

அவர்கள் சொல்லும் சமாதானம்

"எல்லாவற்றையும் சொன்னால் ஜனங்கள் பீதி அடைவார்கள்" என்கிறார்கள். புயல் வருகிறது என்று வானிலை மையம் நம்பர் போட்டுச் சொல்கிறது. ஏரி நிரம்புகிறது, இத்தனை கன அடி திறக்கிறோம் என்று கலெக்டர் சொல்கிறார். நாம் பீதியடைந்தா ஓடுகிறோம்? மாட்டை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோகிறோம். தெரிந்தவனுக்கு வேலை இருக்கும். தெரியாதவனுக்குத்தான் பீதி.

"தேசப் பாதுகாப்பு ரகசியம்" என்கிறார்கள். வெடிகுண்டு எப்படிச் செய்வது என்று நாம் கேட்கவில்லை. வால்வு கெட்டதா, எத்தனை பேர் மேல் பட்டது, காற்றில் எவ்வளவு போனது, பாலில் எவ்வளவு இருக்கிறது? இதில் எந்த நாட்டுக்கு என்ன ரகசியம்?

"எந்த நாட்டிலும் இதெல்லாம் சொல்ல மாட்டார்கள்" என்கிறார்கள். அது சரியில்லை. அமெரிக்காவில் உலை கட்டும் துறையிலிருந்து கண்காணிப்பைப் பிரித்துத் தனி ஆணையம் 1975 முதல் வேலை செய்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் அதன் ஆய்வாளர்கள் நிரந்தரமாக இருக்கிறார்கள். நிலையங்கள் தெரிவிக்கும் கோளாறுகளை ஜனங்கள் படிக்கிற மாதிரி வெளியிடுகிறார்கள். பிரான்சில் 2006இல் சட்டம் போட்டார்கள். அணு நிலையம் இருக்கும் பகுதியில் உள்ளூர்ப் பிரதிநிதிகள், தொழிற்சங்கம், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாம் உட்காரும் தகவல் குழு கட்டாயம். ஜப்பானில் முன்பு உலையை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே கண்காணிப்பும் இருந்தது. புகுஷிமாவுக்குப் பிறகு அவர்கள் நாடாளுமன்றம் அமைத்த குழு, இது இயற்கைப் பேரழிவு இல்லை, மனிதர்களால் வந்த அழிவு என்று 2012இல் எழுதியது. அந்த வருஷமே பிரித்துத் தனி ஆணையம் அமைத்தார்கள். அவ்வளவு விலை கொடுத்துத்தான் நாமும் கற்றுக்கொள்ள வேண்டுமா?

புதிய சட்டத்தில் என்ன இருக்கிறது

நம் நாட்டிலும் 2011 செப்டம்பரில் கண்காணிப்புக்குத் தனி ஆணையம் அமைக்க மசோதா கொண்டுவந்தார்கள். நிறைவேற்றாமலே 2014இல் அது காலாவதியானது. பிறகு 2025 டிசம்பரில் சாந்தி சட்டம் என்ற பெயரில் புதிய அணுசக்திச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1962 சட்டத்துக்கும் 2010 இழப்பீட்டுச் சட்டத்துக்கும் பதிலாக வருவது இது. உலை நடத்தத் தனியார் கம்பெனிக்கும் கதவு திறக்கிறது. ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்கிறது. சட்ட அந்தஸ்து என்பது நல்ல விஷயம், பல வருஷமாகக் கேட்டதுதான், வரவேற்கிறோம். ஆனால் வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்வு செய்யும் குழுவை அமைப்பது யார் என்று பார்த்தால், அதே அணுசக்தி ஆணையம்! எந்தத் தகவலையும் தடை செய்யப்பட்ட தகவல் என்று அறிவிக்கிற அதிகாரமும் மத்திய அரசின் கையில். வாசலைத் தனியாருக்குத் திறந்துவிட்டு, ஜன்னலை ஜனங்களுக்கு மூடுவது என்ன நியாயம்? அரசாங்க ஆலையிலேயே ஆறு மாதம் மறைத்தார்கள் என்றால், லாபம் பார்க்கிற கம்பெனி எத்தனை நாள் மறைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் கோரிக்கைகள்

1. அணு ஆலையில் எந்தச் சம்பவம் நடந்தாலும், அளவுகோலில் அது எந்தப் படியாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் கலெக்டருக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் தமிழில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

2. சோதனைக்கு எடுக்கும் பால், நெல், கிணற்றுத் தண்ணீர், மீன் ஆகியவற்றின் முடிவை, எடுத்த ஊரிலேயே, பால் சொசைட்டியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒட்ட வேண்டும். "எல்லைக்குள் உள்ளது" என்று ஒரு வரி போதாது. எண்ணைப் போடு.

3. ஊராட்சித் தலைவர்கள், விவசாயிகள், மீனவர்கள், ஆலைத் தொழிற்சங்கம், டாக்டர்கள் இருக்கும் தகவல் குழுவை மாவட்டத்தில் அமைக்க வேண்டும். மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடக்கிற மாதிரி இதுவும் குறித்த நாளில் நடக்க வேண்டும்.

4. 16 கிலோமீட்டர் சுற்றளவுக்கு அவசரகாலத் திட்டம் இருக்கிறது. அதில் மனிதருக்குப் போக பஸ் இருந்தால் போதாது. மாட்டுக்குத் தீவனம் யார் தருவது, கறந்த பாலை யார் எடுத்துக்கொண்டு பணம் தருவது, விற்க முடியாத பயிருக்கு ஈடு எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒத்திகை முடிந்ததும் அதில் கண்ட குறைகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.

5. பாதுகாப்புக் குறையைச் சொல்லும் தொழிலாளியை, நிரந்தரமோ ஒப்பந்தமோ, இடமாற்றமோ வேலைநீக்கமோ செய்யக்கூடாது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

6. கண்காணிப்பு வாரியத்தைத் தேர்வு செய்யும் வேலை அணுசக்தி ஆணையத்திடம் இருக்கக்கூடாது. வாரியம் நாடாளுமன்றத்துக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

7. 1995ஆம் வருஷத்து 134 குறைகளின் அறிக்கையையும், ஒவ்வொன்றும் எப்போது சரி செய்யப்பட்டது என்ற விவரத்தையும் வெளியிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கையை நோட்டீஸில் அச்சடித்தால் போதாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. அடுத்து வருகிற கிராமசபையில் ஒவ்வொரு ஊரிலும் முதல் ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று அங்கேயே பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள். எழுதாத தீர்மானம் பேசாத பேச்சு. நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கலெக்டரிடம் குறைதீர்க்கும் நாளில் ஊர்வலமாகப் போய்க் கொடுப்போம்.

தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து நம் கையில் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ஊருக்கு ஒரு இளைஞர் மும்பையில் இருக்கும் ஒழுங்குமுறை வாரியத்துக்கும் நம்ம கலெக்டர் அலுவலகத்துக்கும் மனுப் போடுங்கள். கடைசியாக ஒத்திகை நடந்தது எப்போது, எந்தெந்த ஊரில், என்ன குறை கண்டார்கள், நம் ஊர்ப் பால் மாதிரியின் முடிவு என்ன என்று கேளுங்கள். கொடுத்தால் ஊரில் ஒட்டுவோம். மறுத்தால் மறுத்த கடிதத்தை ஒட்டுவோம், மேல்முறையீடு செய்வோம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பால் கறப்பதும் நீங்கள், குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுப்பதும் நீங்கள். கிராமசபையில் இந்தத் தீர்மானத்தை முன்மொழிகிற குரல் உங்கள் குரலாக இருக்கட்டும்.

உள்ளே வேலை செய்யும் தொழிலாளியும் வெளியே உழும் விவசாயியும் வேறு வேறு இல்லை. 2003இல் அவர்கள் நமக்காகவும் சேர்த்துத்தான் பேசினார்கள். அடுத்த முறை அவர்கள் பேசும்போது நாம் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மறைக்காதே, மறைக்காதே! விபத்துச் சேதியை மறைக்காதே!
ஒட்டு, ஒட்டு! சோதனை முடிவை ஊரில் ஒட்டு!
பிரித்துவிடு, பிரித்துவிடு! உலையிலிருந்து காவலைப் பிரித்துவிடு!
விவசாயி தொழிலாளி ஒற்றுமை ஓங்குக!